களப்பணியாளர் சம்பளத்துக்கு சி.எஸ்.ஆர். நிதி கிடைக்குமா? எங்கள் அனுபவம்

விழுப்புரம் மாவட்டத்து இருளர் குடியிருப்புகளில் வேலை செய்யும் ஒரு சின்ன டிரஸ்டில் இருக்கிறேன். ஒரு தொழிற்சாலையின் சி.எஸ்.ஆர். நிதியில், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிகளுக்குச் சட்டப்படி ஒதுக்கும் பணத்தில், சில ஆண்டுகளாக ஒரு திட்டத்தை நடத்தி வருகிறோம். எப்படி வாங்கினீர்கள் என்று எங்களைப் போன்ற அமைப்புகளிலிருந்து பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் தேவைப்பட்டது கட்டடம் இல்லை, ஆள். இருளர் வீட்டுப் பிள்ளை பத்தாவதுக்கு மேல் உதவித்தொகையோடு படிக்க வேண்டுமென்றால் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வேண்டும். அது தாசில்தாரோடு முடிகிற வேலை இல்லை. கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டியது. அப்பா அம்மாவுக்கே சான்றிதழ் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு எதைக் காட்டி விண்ணப்பிப்பது? தை பிறந்தால் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். வாங்கிய முன்பணம் கழியும்வரை ஊர் திரும்ப முடியாது. போன இடத்தில் கர்ப்பிணியின் பிக்மி பதிவு, அதாவது கர்ப்பத்தை அரசின் இணையதளத்தில் பதிவது, விட்டுப்போகும். அது போனால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி போகும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் இழுபறியாகும். ரேஷன் கார்டு இல்லாத குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கிடைக்காது. மருத்துவம், படிப்பு, அரசு அலுவலகம் மூன்றும் இந்த மக்கள் வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கூடவே போய் வந்து இதையெல்லாம் முடித்துக் கொடுக்க, அந்தக் குடியிருப்புகளிலேயே பிறந்து படித்த இளைஞர்கள் சிலர் முழுநேரமாக வேண்டும். அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். நாங்கள் கேட்கப் போனது இதைத்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. உரிமை ஆவணம், உள்ளாட்சி என்றெல்லாம் அதில் தனித் தலைப்பு கிடையாது. ஆனால் சுகாதாரம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்கள் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் இருக்கிறது. சான்றிதழ் வேலையை இந்தக் கடைசித் தலைப்பின் கீழ் கொண்டுவந்தோம். விண்ணப்பம் எழுதும் முன் அட்டவணையை வரிவரியாகப் படியுங்கள். கம்பெனியின் அதிகாரிக்கு முதல் கேள்வியே ‘இது எந்த வரியில் வரும்?’ என்பதுதான்.

காகிதங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக் தளத்தின் தர்பன் எண். 2021 ஏப்ரலிலிருந்து, சி.எஸ்.ஆர். நிதி வாங்கும் அமைப்புகள் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து பெறும் சி.எஸ்.ஆர்-1 எண்ணும் கட்டாயம். அதை ஆன்லைனில் பதிய டிஜிட்டல் கையொப்பமும் ஆடிட்டரின் சான்றும் வேண்டும். இதே மாதிரியான வேலையில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் இருக்க வேண்டும். நிதி வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று சிலர் வருவார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பம். நாங்கள் பார்த்த கம்பெனிகள் எல்லாம் நன்றாகத்தான் பேசின. ஸ்மார்ட் வகுப்பறை, குடிநீர் எந்திரம், மருத்துவ முகாம் என்றால் உடனே தருகிறோம் என்றன. சம்பளம் என்றதும் பேச்சு நின்றுவிடும். ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதே’ என்று ஒரு கம்பெனி எங்கள் வரவுசெலவுத் திட்டத்தைத் திருப்பியே அனுப்பியது.

அந்த 5 சதவீதம் என்ன என்று விதியைப் படித்தோம். கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கான வரம்பு அது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. களப்பணியாளரின் சம்பளம் திட்டச் செலவு. பட்டியலில் ‘சம்பளம்’ என்று ஒரே வரியில் போடாமல், எந்தக் குடியிருப்பில் யார், என்ன வேலை, எத்தனை வீடு என்று பிரித்து எழுதினோம். விதியின் அந்தப் பகுதியை நகலெடுத்து இணைத்தோம். அடுத்துப் போன கம்பெனியின் நிதிப் பிரிவில் இருந்தவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, சரி, கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவில் வைக்கலாம் என்றார்.

குழுவில் இன்னொரு கேள்வி வந்தது. தொழிற்சாலை காஞ்சிபுரம் மாவட்டத்தில், நீங்களோ விழுப்புரம் மாவட்டத்தில். உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சட்டம் சொல்கிறதே? முன்னுரிமைதான், கட்டாயம் இல்லை என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் விளக்கம் தந்திருக்கிறது. அதைக் காட்டினோம். அதைவிடப் பெரிய பதில் எங்களிடம் இருந்தது. எங்கள் குடும்பங்கள் வேலைக்குப் போகும் சூளைகள் காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம்தான் இருக்கின்றன. தை முதல் ஆனி வரை இவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் என்றோம். சூளைக்குப் போகும் கர்ப்பிணிகளின் பட்டியலை இங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் வாங்கி அங்குள்ள செவிலியரிடம் சேர்ப்பதும், பிள்ளைகளை அங்கே பக்கத்துப் பள்ளியில் உட்கார வைப்பதும் அப்படித்தான் திட்டத்துக்குள் வந்தன. குழு ஒப்புக்கொண்டது.

ஆனால் கண்ணுக்குத் தெரிய ஏதாவது வேண்டும் என்று கம்பெனி கேட்டது. மாலையில் பிள்ளைகள் படிக்க ஒரு கூடம் கட்டலாம் என்று முடிவானது. யார் பெயரில் கட்டுவது? 2021 திருத்தத்துக்குப் பிறகு சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து கம்பெனியின் பெயரில் இருக்க முடியாது. பதிவு எண் உள்ள அறக்கட்டளை, பயனாளிகளின் சுய உதவிக் குழு, இல்லையென்றால் ஓர் அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றிடம் இருக்க வேண்டும். எங்கள் பெயரில் வேண்டாம், ஊராட்சியின் பெயரில் இருக்கட்டும் என்றோம். ஊராட்சி சொத்து என்றால் விளக்கு எரியாவிட்டாலும் கூரை ஒழுகினாலும் குடியிருப்பு மக்கள் உரிமையோடு போய்க் கேட்கலாம்.

இடம் ஒதுக்கும் கோரிக்கையை அக்டோபர் 2 கிராம சபையில் வைத்தோம். குடியிருப்பிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கிராம சபையை அதுவரை ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். அன்று நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கூடத்துக்கான தீர்மானம் நிறைவேறியதும் ஒரு பாட்டி எழுந்து, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, அதையும் எழுதுங்க என்றார். எழுதினார்கள். எந்த விண்ணப்பத்திலும் அதை இலக்காக நாங்கள் போட்டிருக்கவில்லை. இந்தத் திட்டத்தில் நான் மிக உயர்வாக நினைப்பது அந்த நிமிடத்தைத்தான்.

பணம் தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன் செலவுக் கணக்கு, ரசீதுகள், ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கேள்வி மேல் கேள்வி வரும். எரிச்சல் வேண்டாம். ஒப்புதல் பெற்ற வேலைக்குத்தான் பணம் செலவானது என்று அந்தக் கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் ரசீதை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார். களப்பணியாளரின் பஸ் டிக்கெட் முதல் இ-சேவை மையக் கட்டணம் வரை அன்றன்றே எழுதிவைக்கப் பழக்குங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இறங்கி வரவில்லை. கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்களின் முகம் தெரியும் புகைப்படத்தை ஆண்டறிக்கைக்குக் கேட்டார்கள். தர மாட்டோம், சூளை முதலாளிகளும் இடைத்தரகர்களும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள் என்று விளக்கினோம். புரிந்துகொண்டார்கள். இதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

காலக்கணக்கும் முக்கியம். கம்பெனிகள் ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான செயல்திட்டத்தைச் சில மாதங்கள் முன்பே பேச ஆரம்பிக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் மீதமான பணத்தைச் செலவழிக்கும் அவசரத்தில் கிடைப்பது பெரும்பாலும் பொருளாகத்தான் இருக்கும். சம்பளம் உள்ள திட்டத்தைத் தொடர் திட்டமாகக் கேளுங்கள். தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுகள் வரை அது ஓடலாம், செலவாகாத தொகையும் தனிக் கணக்கில் அந்தத் திட்டத்துக்கென்றே இருக்கும்.

எங்கள் திட்டம் அந்த வரம்பை நெருங்குகிறது. சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளில் சிலர் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். களப்பணியாளர்களின் சம்பளத்துக்கு அடுத்த ஏப்ரலிலிருந்து என்ன வழி என்று வேறு இரண்டு கம்பெனிகளோடு பேசிக்கொண்டிருக்கிறோம். வரவுசெலவுப் பட்டியலின் முதல் வரியிலேயே இந்த முறை சம்பளத்தைப் போட்டிருக்கிறோம்.