'இன்டர்னல்' என்ற சொல்லைப் படித்த முறை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர் எவருக்கும் 'இன்டர்னல்' என்றதும் மதிப்பெண்தான் முதலில் நினைவுக்கு வரும். கல்லூரி ஆசிரியரே போடுவது இன்டர்னல். பல்கலைக்கழகம் விடைத்தாளைத் திருத்திப் போடுவது எக்ஸ்டர்னல். முதுகலை ஆங்கிலத்தில் மொழி வரலாற்றுத் தாளுக்கும், பின்னர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கும் படித்தபோது, சொற்பிறப்பியல் பகுதியை இந்த ஒரு பெயரடையிலிருந்து தொடங்கியது எனக்குப் பெரிதும் உதவியது. அவ்வழியை இங்கே எழுதுகிறேன்.

அகராதியைத் திறந்தால், உடலுக்குள் இருப்பது, நாட்டுக்குள் நடப்பது, நிறுவனத்துக்குள் அடங்குவது, மனத்துக்குள் நிகழ்வது என்று பொருள்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை உருப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'எந்த எல்லைக்கு உள்ளே?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் பொருள் தானே விளங்கிவிடும். நம் பகுதியில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் 'இன்டர்னல் கம்பஸ்சன்' வகையைச் சேர்ந்தது. அதில் எரிபொருள் சிலிண்டருக்கு உள்ளேயே எரிகிறது. நீராவி இன்ஜினில் நெருப்பு சிலிண்டருக்கு வெளியே, கொதிகலனைச் சூடாக்குவதற்காக எரிவதால் அது எக்ஸ்டர்னல் வகையாகிறது. அந்த நெருப்பும் ரயில் இன்ஜினுக்குள்தானே எரிகிறது என்று ஒருவர் வாதிடலாம். இங்கே எல்லையாகக் கொள்ளப்படுவது சிலிண்டரே என்று அறிந்தவுடன் அந்த வாதம் நில்லாது.

இந்த எல்லை உணர்வு சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. லத்தீனில் 'இன்டெர்' என்பதில் 'உள்' எனப் பொருள்படும் பகுதியோடு, இரண்டில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பழைய இந்தோ-ஐரோப்பிய (லத்தீன், சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குப் பொதுவான மூலமொழியின்) விகுதி சேர்ந்துள்ளது. அதாவது, வெறும் 'உள்' என்பதைவிட, 'வெளிப்புறம் அல்லாத உட்புறம்' என்பதே அதன் அடிப்படை. இதிலிருந்து 'இன்டெர்னுஸ்' என்ற லத்தீன் பெயரடையும், அதிலிருந்து இடைக்கால லத்தீனில் 'இன்டெர்னாலிஸ்' என்பதும் தோன்றி ஆங்கிலத்துக்கு வந்தன. 'எக்ஸ்டர்னல்' என்பதன் வேரிலும் அதே விகுதி இருப்பதால் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். சமஸ்கிருதத்தின் 'அந்தர்' இதே குடும்பத்துச் சொல். நாம் அன்றாடம் சொல்லும் அந்தரங்கம், அந்தராத்மா ஆகியவற்றில் அது இருக்கிறது. தேர்வில் 'ஒரே வேரிலிருந்து வந்த சொற்களுக்கு எடுத்துக்காட்டுத் தருக' என்று கேட்டால், இதைவிட அருகில் கிடைக்கும் எடுத்துக்காட்டு வேறில்லை.

'இன்டெர்' என்பதற்கு 'இடையே' என்ற பொருளும் உண்டு என்பதுதான் மாணவர்கள் குழம்பும் இடம். ஜெரமி பெந்தாம் 1780இல் எழுதி 1789இல் வெளியிட்ட சட்டவியல் நூலில், ஒரு நாட்டுக்குள் செல்லும் சட்டத்துக்கு 'இன்டர்னல்' என்ற பழைய சொல்லையே வைத்துக்கொண்டு, நாடுகளுக்கு இடையே உள்ள சட்டத்தைக் குறிக்க 'இன்டர்நேஷனல்' என்ற புதுச்சொல்லை ஆக்கினார். ஒரே முன்பகுதி ஒன்றில் 'உள்ளே' என்றும் மற்றொன்றில் 'இடையே' என்றும் நிற்பதை இந்த இணை தெளிவாகக் காட்டுகிறது.

இங்கே பார்க்கும் ஆங்கில உறவுச் சொற்களில் 'இன்னர்' ஒன்றுதான் லத்தீன் வழியாக வராதது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் 'இன்னெரா' என்று வழங்கியது. பிறப்பால் அது ஒப்புமை வடிவம் (comparative). ஆயினும் இன்றைய ஆங்கிலத்தில் 'விட' எனப் பொருள்படும் than சேர்த்து ஒப்பிட அதைப் பயன்படுத்த முடியாது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டுமே அது வரும். 'இன்டீரியர்' என்பதும் லத்தீனில் ஒப்புமை வடிவமே. பேருந்து நுழையாத கிராமத்தை நம்மவர்கள் 'ரொம்ப இன்டீரியர்' என்பது ஆங்கில அகராதிப் பொருளுக்கு அதிக தூரத்தில் இல்லை. கடற்கரையிலிருந்தோ எல்லையிலிருந்தோ விலகிய நிலப்பகுதியையும் அச்சொல் குறிக்கும். வானிலை அறிக்கையில் உள் மாவட்டங்கள் என்ற பிரிவில் நாகப்பட்டினமோ மயிலாடுதுறையோ வராததற்கும் காரணம் இதுதான்: அவை கடலோர மாவட்டங்கள்.

கடைசியாக, 'மிக உள்ளே' என்று பொருள்படும் 'இன்டிமுஸ்' என்ற உச்சவடிவிலிருந்து (superlative) வந்த intimate என்ற சொல்லையும் விட்டுவிடக்கூடாது. அதன் பெயரடை நெருக்கத்தைக் குறிக்கிறது. வினையோ 'தெரியப்படுத்து' என்று பொருள்படும். நம் அலுவலகக் கடிதங்களில் 'இன்டிமேஷன்' என்று வருவது இந்த வினையின் வழியில்தான். எழுத்து ஒன்றே, பெயரடையாக வரும்போது 'இன்டிமட்' என்றும் வினையாக வரும்போது 'இன்டிமேட்' என்றும் ஒலிக்க வேண்டும். ஒலிப்பு வினாவில் எளிதாகக் கிடைக்கக்கூடிய மதிப்பெண் இது.