கத்தரிக்காய்க்குக் கழிவு

போன பங்குனியில் ஒருநாள் பெரியம்மாவின் கத்தரிக்காயோடு சந்தைக்குப் போனேன். வன்னியில் விசுவமடுப் பக்கம் அவருக்கு முக்கால் ஏக்கர் தோட்டம், கிணற்றுத் தண்ணீர். முதல்நாள் பின்னேரம் முழுக்கக் குனிந்து நின்று பிடுங்கியது, சாக்கில் கட்டி லான்ட்மாஸ்டரில் ஏற்றி விடிய முதல் கொண்டுபோய் இறக்கினோம். தராசு காட்டியது 60 கிலோ. யாவாரி துண்டில் எழுதியது 54.

10 கிலோவுக்கு 1 கிலோ கழிவு. காய் வாடி நிறை குறையும், சொத்தை கிடக்கும் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்கள். சரி, ஆனால் அந்த 6 கிலோவையும் அவர் விற்கத்தானே போகிறார்? கழிவு எடுக்கக்கூடாது என்று எத்தனை கூட்டத்தில் கதைத்தாயிற்று, சந்தைக்குள் வந்தால் அதே கதைதான். நான் வாயைத் திறக்க, பெரியம்மா துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கதைச்சா நாளைக்கு என்ர சாக்கை எடுக்கமாட்டினம், வா பிள்ளை" என்றார்.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். அதற்கு முதல்நாள்தான் கிளிநொச்சியில் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடையில் கத்தரிக்காய் வாங்கியிருந்தேன், பெரியம்மாவுக்குக் கிடைத்த விலையின் மூன்று மடங்குக்கு. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கடைப் பொடியன் "தம்புள்ள" என்றான், தெற்கே மரக்கறி லொறிகள் வந்து குவியும் பெரிய மொத்தச் சந்தை. கரட்டும் லீக்ஸும் அங்கிருந்து வரட்டும், அது குளிர் தேசத்துச் சாமான். கத்தரிக்காயும் பூசணிக்காயுமா ஏ9 வீதியில் ஏறி எங்களிடம் வரவேண்டும்? அதுவும் எங்களுடைய பூசணி தெற்கே போகிற அதே வீதியில்!

அன்றைக்குத்தான் எங்கள் ஒழுங்கையில் ஆறு வீட்டுக்காரர் சேர்ந்து கதைத்தோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை பெரியம்மா தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை ஆறு பையாகப் போட்டு அனுப்புவார். மூன்று மாதத்துக்கு ஒரே விலை. சந்தையில் ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். பேரம் இல்லை, கழிவு இல்லை, காசு அன்றைக்கே கையில்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஐந்து கிழமை தொடர்ந்து கத்தரிக்காய் வந்தது. பால்கறி, பொரித்த குழம்பு, சம்பல், வாட்டு என்று எல்லாம் செய்து முடிந்து, ஆறாவது கிழமை பையைத் திறக்கவே பயமாக இருந்தது. பயற்றங்காயைக் குரங்கு பார்த்துக்கொண்டது. கார்த்திகை மழையில் தோட்டம் முழுக்கத் தண்ணீர் நின்றபோது மரவள்ளிக் கிழங்கும் முருங்கையிலையும் ஒரு பிடி வல்லாரையும்தான். ஒரு வீடு விலகிவிட்டது. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒவ்வொரு நாளும் மரவள்ளி அவித்துக் கொடுக்க முடியாது. ஆனால் இருப்பதைச் சாப்பிடப் பழகாமல் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஆதரவு என்று கதைப்பதில் அர்த்தம் இல்லை என்பது எனக்கு அந்த மழைக்குள்தான் விளங்கியது. வருடம் முழுக்க எல்லா மரக்கறியும் வேண்டும் என்றால் தம்புள்ளை லொறிதான் வரும்.

மரக்கறியைவிட நெல்தான் பெரிய கதை. தை மாசியில் காலபோக வெட்டு, மாரி மழைக்கு விதைத்த நெல். மெசின் ஒரே நாளில் வெட்டித் தள்ளிவிடும், நெல் ஈரம். அரசாங்கத்துக்கு நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தல் சபை ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று கேட்கும். காயவைக்கக் களம் இல்லாமல் ரோட்டில் படங்கு விரிக்கிறோம், அந்த நேரம் பார்த்து ஒரு மழை இருட்டிக்கொண்டு வரும். விதைநெல், பசளை, உழவு எல்லாம் கடன், வீட்டு நகை அடகில். யாவாரியின் லொறி வயல் வரம்பிலேயே வந்து நிற்கிறது. யார்தான் காயும் வரைக்கும் வைத்திருப்பது? பச்சை நெல்லாகவே கொடுத்துவிட்டு, ஆவணியில் அதே கமக்காரர் கடையில் பொலன்னறுவை மில் அரிசி வாங்குகிறார். இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கிறவர் வீட்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இந்த மாசியில் நாங்கள் அரிசி வாங்காமல் நெல்லாக வாங்கினோம். பூநகரியில் தெரிந்த ஒரு அண்ணையிடம் மொட்டைக்கறுப்பன், வீட்டுக்கு இரண்டு மூடை. மானாவாரி நெல், மழையை நம்பி நிற்பது. உயரமாக வளரும், யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும் என்பதால் அண்ணை பசளைக்குப் பெரிதாகச் செலவழிப்பதும் இல்லை. இரவு ஊறவைத்து, காலையில் அவித்து, முற்றத்தில் காயவைத்து, மில்லில் அதிகம் தீட்டவேண்டாம் என்று சொல்லி எடுத்தோம். முதல் தடவை அவியல் கூடி அரிசி வெடித்துப் பாதி குருணல். அம்மா ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், குருணலை மாவாக்கிப் பிட்டுக்குப் போட்டுக்கொண்டே. இரண்டாவது தடவை சரிவந்தது. அந்தச் சிவப்புச் சோற்றுக்கு ஒரு மீன் குழம்பு இருந்தால் போதும். கடை வெள்ளை அரிசி அதற்குப் பிறகு வாயில் பிடிக்கவில்லை.

இதை இயற்கை விவசாயம் என்று சொல்லிப் படம் போடலாமே என்று கொழும்பில் இருக்கிற சிநேகிதி கேட்டாள். மாட்டேன் என்றேன். பெரியம்மா கத்தரிக்கு மருந்து அடிக்கிறார், இப்போது முதலைவிடக் குறைவு, ஆனால் அடிக்கிறார். மாட்டெருவும் போடுகிறார், பசளையும் போடுகிறார். 2021 சித்திரைக் கடைசியில் இரசாயனப் பசளையே வேண்டாம் என்று மேலே இருந்து ஒரே நாளில் சொன்னார்கள். கார்த்திகையில் தடையைத் திரும்ப எடுத்தபோது இங்கே காலபோகம் விதைத்து முடிந்திருந்தது. யூரியா கிடைக்காமல் மஞ்சளாய் நின்ற வயல்களை நாங்கள் மறக்கவில்லை. மண்ணைத் தேற்ற வருடங்கள் வேண்டும், அதுவும் கமக்காரர் கையில் நாலு காசு மிஞ்சினால்தான் நடக்கும்.

அதோடு இங்கே வயது போனவர்களிடம் பசளை இல்லாத விவசாயம் என்று சொன்னால் அவர்களுக்கு ஞாபகம் வருவது தொண்ணூறுகளின் யுத்தகாலப் பொருளாதாரத் தடை. யூரியா இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. அப்போது சாப்பிட்டதெல்லாம் உள்ளூர்ச் சாமான்தான், வேறு வழி இல்லை என்பதால். பெரியம்மாவிடம் அந்தக் காலத்துக் குரக்கன் பிட்டைப் புகழ்ந்து பாருங்கள், "நீ ஒருநாள் தின்னுறாய், நாங்கள் மாசக்கணக்கில தின்னனாங்கள்" என்பார்.

இப்போது ஐந்து வீடு. வெளியில் இருந்து இன்னும் இரண்டு வீடு கேட்டிருக்கிறார்கள், பெரியம்மா யோசிக்கிறார், ஆள் கூலி கட்டுமா என்று பார்க்கவேண்டுமாம். போன சனிக்கிழமை பையோடு அவரே வந்திருந்தார், அது வழக்கமில்லை. திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "அடுத்த முறை என்ன நடட்டும், சொல்லுங்கோ" என்றார். இவ்வளவு காலத்தில் யாரும் அவரிடம் இன்னது வேண்டும் என்று கேட்டுமில்லை, அவர் யாரிடமும் கேட்டுமில்லை; நட்டுவிட்டு விலையைக் கடவுளிடம் விட்டதுதான்.

அன்று இரவு முழுக்க வாட்ஸ்அப்பில் சண்டை. மூன்று வீட்டுக்கு வெண்டி, ஒரு வீட்டுக்குப் பாவல். கத்தரி இரண்டு வரிசைக்கு மேல் கூடாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று.