மினி டிராக்டர் கவுராம இருக்க நான் செஞ்ச வேலை, இதுவரைக்கும்

கடையத்துக்கு மேக்க மலை அடிவாரத்துல நமக்கு ரெண்டே முக்கா ஏக்கர் எலுமிச்சை, ஓரத்துல கொஞ்சம் தென்னை. 2019ல தென்காசி மாவட்டம்னு பிரிச்சு விட்டுட்டாவ, ஆனா யாரும் கேட்டா இன்னும் திருநெல்வேலின்னுதான் வாயில வருது. சாரல் விழுந்துட்டா புல்லு முட்டளவுக்கு வந்துரும், ஆள் கூலி கட்டுபடியாவல, அதனால பழைய 18 எச்பி மினி டிராக்டர் ஒன்னும் பின்னாடி மாட்டுத, புல்லு வெட்டுத ஸ்லாஷரும் வாங்குனேன். தோட்டம் பூராவும் சமதளமா இருந்தா இந்த கதையே இல்ல. ஓடைப் பக்கம் நல்லா சரிஞ்சு கெடக்கும்.

ஆடி மாசம் ஒரு நாள் ஸ்லாஷர தூக்கி வச்சுக்கிட்டு ஓடைக்குள்ள இருந்து மேல ஏறுதேன், ஈர மண்ணு, கிளச்ச கொஞ்சம் சட்டுனு விட்டுட்டேன், முன் சக்கரம் ரெண்டும் அப்படியே ஆகாசத்துக்கு போவுது. எப்படி கிளச்ச மிதிச்சேன்னு இன்னைக்கு வரை தெரியாது, தொப்புனு கீழ விழுந்துச்சு. பின்னாடி கவுர்றதுக்கு மொத்தமே ஒன்றரை செகண்ட்தான் ஆகும், அதுல பாதி போயிட்டா பொறவு கிளச்ச மிதிச்சும் பிரயோசனம் இல்லன்னு பிந்திதான் படிச்சேன். அன்னைக்கு படிச்சிருந்தா வீட்டுக்கு நடந்தே போயிருப்பேன்.

மொதல்ல செஞ்சது எடை போட்டுப் பாத்ததுதான். எடைமேடையில முழு வண்டி, ஸ்லாஷர் தூக்குன நிலையில, நான் மேல உக்காந்து, 1060 கிலோ. பொறவு முன் சக்கரம் மட்டும் மேடையில நிக்க மாதிரி வச்சேன், 170. அதாவது நூத்துக்கு 16. ஸ்டியரிங் கேக்கணும்னா முன்னாடி நூத்துக்கு 20ஆவது இருக்கணும்பாவ, அதுவும் சமதளத்துல. எடைமேடைக்காரர் "என்ன வேய், பாதி வண்டிய மட்டும் விக்கப் போறீரா"ன்னு கேட்டாரு.

கம்பெனி வெயிட் கிடைக்கும், இரும்பு பிளேட்டு, விலை கேட்டுட்டு வந்துட்டேன். 15 லிட்டர் எண்ணெ டின் ரெண்டு எடுத்து உள்ள கம்பி வளைச்சு வச்சு கான்கிரீட் ஊத்துனேன், ஒன்னு 38 கிலோ வந்துச்சு. முன் பம்பர்ல கொக்கி மாட்டி, ஆடாம குறுக்க ஒரு பட்டை போட்டு போல்ட் முடுக்கியாச்சு. திரும்ப எடைமேடை: மொத்தம் 1135, முன்னாடி 270. நான் ஏத்துனது என்னமோ 76 கிலோதான், முன்னாடி கூடுனது 100. தப்பா இருக்குன்னு மறுபடியும் போட்டுப் பாத்தேன், அதேதான். பின்ன யோசிச்சா புரியுது, வெயிட்டு முன் அச்சுக்கும் முன்னால தொங்குதுல்லா, ஏத்தம் மாதிரி, முன்ன அமுக்குனா பின்ன தூக்கும், பின் சக்கரத்து எடையில கொஞ்சத்த முன்னுக்கு தள்ளிருச்சு. இப்ப நூத்துக்கு 24 கிட்ட. ஸ்டியரிங் கொஞ்சம் கனக்குது, பரவால்ல.

இது பின்னாடி கவுர்றதுக்குதான் மருந்து, பக்கவாட்டுக்கு இல்ல. இங்கதான் நான் ரொம்ப நாளு தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தேன். முன் அச்சு நடுவுல ஒரே ஒரு பின்னுலதான் (இரும்பு ஆணி) தொங்கி ஆடுது, அதனால முன்ன ரெண்டு சக்கரம் இருந்தாலும் சாயுத கணக்குக்கு இது ஆட்டோ மாதிரி மூணு கால் வண்டிதான். ரெண்டு பின் டயர், அந்த ஒரு பின்னு, இந்த முக்கோணத்துக்கு வெளிய பாரம் போயிட்டா சாஞ்சிரும். அப்ப முன் சக்கரத்த அகலப்படுத்தி பெருசா லாபம் இல்ல, பின் சக்கரம் ரெண்டையும் வெளிய தள்ளி அகலப்படுத்தணும். நம்ம வண்டியில பின் சக்கரத்து நடுத்தட்ட திருப்பி மாட்டுனா பக்கத்துக்கு நாலு இஞ்சி வெளிய வரும், ஜாக்கி வச்சு அரை நாள் வேலை. எலுமிச்சைக்கு மரத்துக்கு மரம் 20 அடி கெடக்கு, இடிக்கல. வாழைக்காரவங்களுக்கு இது சரிப்படாது, வரிசைக்குள்ள நுழையாது.

அடுத்து பின் டயர்ல தண்ணி. குளிர் நாட்டுல தண்ணி உறையாம இருக்க கால்சியம் குளோரைடு உப்பு கலப்பாவளாம், கடையத்துல அந்த கவலை எதுக்கு, கிணத்துத் தண்ணியேதான். வால்வ உச்சிக்கு வர்ற மாதிரி சக்கரத்த திருப்பி, வண்டிய ஜாக்கியில தூக்கி, வால்வு மட்டம் வரை ஏத்தணும், அது முக்காவாசி. மிச்சம் காத்து. முழுசா ஏத்துனா டயருக்கு அமுங்க இடம் இருக்காது. ஒரு டயருக்கு மூணு குடம், 45 லிட்டர் சொச்சம், ரெண்டுக்கும் சேத்து 90 கிலோ, அதுவும் கீழயே கெடக்கு, மேல ஏத்துன பாரம் மாதிரி சாய்க்காது. கஷ்டம் என்னன்னா பஞ்சர் ஆனா கடைக்கார அண்ணாச்சி நம்ம மூஞ்சிலயே முழிக்க மாட்டாரு.

ரோல் பார், அதாவது வண்டி கவுந்தா ஓட்டுதவன் நசுங்காம காக்குத இரும்பு வளைவு, அந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் கோவம் உண்டு. ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டர்ல கட்டாயம் ஆக்கிட்டாவ. நம்ம பக்கம் பாத்தா மெல்லிசு பைப்புல நிழல் கூரை ஒன்ன வெல்டு பண்ணிட்டு "அதான் மேல கம்பி இருக்கே"ங்காவ. அது வெயிலுக்கு, கவுந்தா அப்பளம். நானும் வெல்டர்கிட்ட பைப்ப வளைக்கச் சொல்லி பாதி பேசிட்டேன், நல்ல வேளை அவரே வேண்டாம்னுட்டாரு, பின் அச்சுப் பெட்டியில வெல்டு வச்சா அந்த எடமே விட்டுரும்னு. இந்த மாடலுக்குன்னே வர்ற மடக்கு பார் சொல்லி வச்சு ஆறு வாரம் கழிச்சு வந்துச்சு, தலையில 8.8னு உறுதிக் குறி போட்ட போல்ட்டோட. பார் நிமிந்து நிக்கும்போது பெல்ட் கட்டாயம் போடணும், பார் இல்லாத வண்டியிலயோ மடக்கி வச்சிருக்கும்போதோ பெல்ட் போடக்கூடாது, போட்டிருந்தா கவுரும்போது வண்டியோடயே மாட்டிக்கிடுவோம். எலுமிச்சைக் கொப்பு பார்ல மாட்டுதுன்னு மடக்கத் தோணும், நான் கொப்ப வெட்டிட்டேன்.

இனி நான் ரசிச்சுச் செஞ்சது, சீட் சுவிச். வெளிநாட்டு லான் டிராக்டர்ல சீட்ட விட்டு எந்திச்சா பிளேடு நின்னுரும். அமெரிக்காவுல கையால தள்ளுத புல் வெட்டி மெஷினுக்கே 1982ல இருந்து, கைப்பிடிய விட்டா 3 செகண்ட்ல பிளேடு நிக்கணும்னு விதி. நம்ம வண்டியில அதெல்லாம் கிடையாது. பெட்ரோல் எஞ்சின்னா கரண்ட நிறுத்துனா போதும், டீசலுக்கு எண்ணெய நிறுத்தணும், அதனால ஜெனரேட்டர்ல வர்ற ஸ்டாப் சோலினாய்டு (கரண்ட் குடுத்தா இழுக்குத காந்தக் காயில்) ஒன்ன வாங்கி ஸ்டாப் கேபிள்ல கோத்தேன். சீட்டுல ஆள் இல்ல, பிடிஓ (எஞ்சின் வேகத்த ஸ்லாஷருக்கு கொண்டு போற சுத்து தண்டு) லிவர் மாட்டியிருக்கு, ரெண்டும் சேந்தாதான் இழுக்கணும். மொத நாளு குண்டு குழியில வண்டி குதிக்கும்போதெல்லாம் அணைஞ்சுது. ஒரு செகண்ட் டைமர் போட்டேன். ரெண்டாவது நாளு எஞ்சின் நின்னுச்சு, சாவி ஆன்லயே கெடந்துச்சு, சோலினாய்டு இழுத்துக்கிட்டே இருந்து காயில் புகைஞ்சு போச்சு. வேற வாங்கி, இழுத்த பொறவு அதுவா விட்டுரணும்னு இன்னொரு டைமர். இன்னும் ஒரு குறை இருக்கு: வயரு அறுந்தா இது வேலையே செய்யாது. வயரு அறுந்தா வண்டி நிக்கணும், அதுதான் முறை, அதுக்கு கரண்ட் இருந்தாதான் எண்ணெ போவுங்கிற மாதிரி வால்வு தேடிக்கிட்டு இருக்கேன். எஞ்சின் நின்ன பொறவும் பிளேடு ஆறேழு எண்ணுத வரைக்கும் சுத்துது, அதையும் சொல்லிருதேன்.

பிடிஓ தண்டுக்கு மேல பிளாஸ்டிக் கூடு புதுசு போட்டு, கூடு சேந்து சுத்தாம சங்கிலியையும் மாட்டியாச்சு. நிமிஷத்துக்கு 540 சுத்துன்னா செகண்டுக்கு ஒம்பது சுத்து. சாரம் (லுங்கி) கட்டிக்கிட்டு அந்தப் பக்கமே போவாதீங்க, எங்க வீட்டுல டிராக்டருக்குன்னு பழைய பேண்ட் ஒன்னு ஆணியில தொங்குது.

ஓட்டுததும் மாறிருச்சு. சரிவுல குறுக்க வெட்டுததில்ல, மேலயும் கீழயுமாதான். ஓடையில இருந்து ரிவர்ஸ்ல ஏறுதேன், இறங்கும்போது முன்ன பாத்து. ரோட்டுக்கு வந்தா, பக்கத்து சக்கரத்துக்கு ஒன்னா இருக்க ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு சேத்துருவேன், ஒன்ன மட்டும் மிதிச்சா வண்டி திரும்பிப் படுத்துரும்.

சித்தப்பாவுக்கு இந்த சீட் சுவிச்ச பத்தி சொல்ல மறந்துட்டேன். ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்தாவ, நடுத்தோப்புல தென்னமட்டை ஒன்னு கெடந்திருக்கு, பிடிஓவ எடுக்காம அப்படியே குதிச்சு இறங்கியிருக்காவ. கால் மணி நேரம் கழிச்சு போன்: "எல, வண்டி தன்னால நின்னுட்டு, சாவிய திருப்பினா ஸ்டார்ட் ஆவுது, இறங்கி மட்டைய எடுக்கப் போனா மறுபடியும் நிக்கி, பேய் கீய் புடிச்சிருக்கா?" பிடிஓ லிவர நியூட்ரல்ல போட்டுட்டு இறங்குங்க சித்தப்பான்னேன்.