நீர் காயும் நேரம்: அருங்காட்சியகத்தில் நீர்வண்ணம் கற்பது

அருங்காட்சியகங்களில் நடக்கும் நீர்வண்ணச் செயல்விளக்கங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஓவியரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கண் தாளில்தான் இருக்கும். தூரிகை விலகிய பிறகும் நீர்வண்ணத்தில் வேலை நின்றுவிடுவதில்லை. நீர் பரவுகிறது, நிறமியை இழுத்துச் செல்கிறது, அதை ஓரங்களில் சேர்த்துவிட்டு ஆவியாகிறது. இணையக் காணொளிகளில் இந்தக் காத்திருப்பை வெட்டிவிடுகிறார்கள். நேரில் அது முடியாது. தாள் காயும்வரை ஓவியரும் காத்திருக்க வேண்டும், நாமும் காத்திருக்க வேண்டும். கற்க வேண்டியதில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த இடைவெளியில் கவனிக்க வேண்டியது ஈரத்தின் மினுமினுப்பை. தாள் பளபளவென்று இருக்கும்போது வைக்கும் வண்ணம் விளிம்பில்லாமல் கரைந்து பரவும்; முழுதும் காய்ந்த பின் வைத்தால் கூரிய விளிம்போடு நிற்கும். இரண்டுக்கும் நடுவே, மினுமினுப்பு மங்கத் தொடங்கும் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. அப்போது நீர் மிகுந்த தூரிகையால் தொட்டால், புதிய நீர் பழைய நிறமியை வெளியே தள்ளி, ஓவியர்கள் காலிஃபிளவர் என்று அழைக்கும் சுருள் விளிம்புக் கறை உருவாகும். நல்ல செயல்விளக்கக்காரர் இதை வேண்டுமென்றே ஒருமுறை செய்து காட்டுவார். கூடவே, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளிலும் மெல்லிய சாதாரணத் தாளிலும் ஒரே வண்ணத்தை அடுத்தடுத்துப் பூசிக் காட்டினார் என்றால், தாளைப் பற்றித் தனியாக உரையாற்ற வேண்டிய தேவையே இராது.

இவை எல்லாவற்றையும் எந்த ஓவியப் பள்ளியிலும் கற்கலாம். அருங்காட்சியகத்தில் கூடுதலாகக் கிடைப்பது, அடுத்த அறையில் இருக்கும் மூல ஓவியம். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட தாள்தான். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவதே வழக்கம். அடுக்குகள் ஒளி ஊடுருவுபவையாக இருப்பதால், எது முதலில் பூசப்பட்டது, எது காய்ந்த பின் வந்தது என்பதை மூல ஓவியத்தில் ஓரளவு பின்னோக்கிப் படித்துவிட முடியும். ஆங்கிலேய ஓவியர் டர்னர் காய்ந்த வண்ணத்தைச் சுரண்டி வெளிச்சத்தை வெளிக்கொண்டு வந்த இடங்கள் அச்சுப் பிரதியில் வெறும் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். நேரில் தாளின் நார் பிசிறி நிற்பதே தெரியும்.

ஆனால் அந்த மூல ஓவியங்களை எப்போதும் பார்க்க முடியாது. ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நீர்வண்ணங்கள் மீது ஒளியின் விளைவை ஆராய்ந்து 1888இல் அறிக்கை வெளியிட்டார்கள்; பல நிறமிகள் ஒளியில் வெளிறிப்போவது அதில் சோதனைகளோடு நிறுவப்பட்டது. இன்று இத்தகைய ஓவியங்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியே பொதுவான வரம்பு. நல்ல வெயிலில் வெளியே பல்லாயிரம் லக்ஸ் இருக்கும். அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு 1900இல் 31 டர்னர் ஓவியங்கள் ஹென்றி வான் என்பவரின் உயிலின்படி வந்து சேர்ந்தபோது, பகலொளி மிகக் குறைவாக இருக்கும் ஜனவரியில் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. மற்ற மாதங்களில் ஓவியங்கள் பெட்டிக்குள் இருக்கும். ஆகவே பட்டறை நடத்துபவர்கள் ஓவியங்கள் காட்சியில் இருக்கும் காலத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். இல்லையென்றால், முன்பதிவு செய்து ஓவியங்களைப் பார்க்க இடம் தரும் ஆய்வறைக்குப் பங்கேற்பாளர்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

காட்சிக்கூடத்துக்குள் தண்ணீர்க் கிண்ணத்துக்கு இடமில்லை. அநேகமாக எங்கும் பென்சிலை மட்டுமே அனுமதிப்பார்கள். சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. மூல ஓவியத்தின் முன் நின்று, எங்கே தாள் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, எந்த விளிம்பு மென்மையானது, எது கூரியது என்று பென்சிலால் வரைபடம் போலக் குறித்துக்கொண்டு, பிறகு பட்டறை அறைக்குத் திரும்பி வண்ணத்தைத் தொடுவது எனக்கு மிகச் சிறந்த முறையாகத் தோன்றுகிறது.

இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் ஒரே நிலக்காட்சியைத் தீட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பட்டறைகள் மீது எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. படத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் பலியாவது காத்திருப்புதான். முடி உலர்த்தும் கருவியை எடுத்து ஊதத் தொடங்கிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கான பட்டறை என்றால் அதுவும் பரவாயில்லை. பெரியவர்களுக்கு, தாளைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுத்து, ஒரே நிறத்தை அடர்விலிருந்து வெறுமைவரை படிப்படியாக இழுக்கச் சொல்வதும், காய்ந்த மஞ்சளின் மேல் நீலத்தை ஏற்றி அடியிலுள்ள மஞ்சள் கலங்காமல் பச்சையை வரவழைக்கச் சொல்வதும் போதும். நிறமியைப் பிணைக்கும் அரபிக் கோந்து காய்ந்த பிறகும் நீரில் மறுபடி கரையும் என்பதால், இரண்டாவது பயிற்சி கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம்.

பதிவு செய்வதற்கு முன், அன்றைக்கு மூல ஓவியம் எதையேனும் காட்டுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயல்விளக்கத்தின்போது மேசைக்கு மேலே கேமரா வைத்துத் திரையில் காட்டினாலும் அதை மட்டும் நம்பாமல், சன்னலுக்கு எதிர்ப்புறமாக, தாளைச் சாய்வாகப் பார்க்கும்படி ஓர் ஓர இருக்கையில் அமருங்கள். மேலிருந்து எடுக்கும் கேமராவில் வண்ணம் தெரியும், ஈரத்தின் மினுமினுப்பு அவ்வளவாகத் தெரியாது.