இருநூறு மீற்றர்

மட்டக்களப்பின் படுவான்கரையில் அம்மம்மாவின் வளவுக்குள் பீரங்கிச் செல் விழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. அது குறிவைத்ததாகச் சொல்லப்பட்ட முகாமிலிருந்து எங்கள் கிணற்றடிவரை பின்னர் ஒருநாள் நடந்து எண்ணினேன். 400 எட்டுகள் வந்தன. குரோஷியத் தளபதி அன்டே கோட்டோவினாவின் வழக்கை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு அந்த எண்ணிக்கையே காரணம்.

1955இல் பிறந்த அவர், 1973இல் பிரான்சின் வெளிநாட்டவர் படையணியில் சேர்ந்து போர்த்தொழில் பயின்றவர். 1991இல் குரோஷியாவில் போர் தொடங்கியதும் தாயகம் திரும்பி, மறு ஆண்டே ஸ்பிளிட் இராணுவப் பிராந்தியத்தின் தளபதியானார். அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. 1994 குளிர்காலம் தொடக்கம் டினாரா மலையில் படிப்படியாக முன்னேறி, 1995 ஜூலையில் பொஸ்னியாவின் கிளாமோச், கிராஹோவோ நகரங்களைக் கைப்பற்றியதால், குரோஷியாவிலிருந்து பிரிந்துநின்ற சேர்பியர்களின் தலைநகரான க்னின் ஏறத்தாழச் சுற்றிவளைக்கப்பட்டது. ஆகஸ்ட் 4 அதிகாலை அந்நகர்மீது செல்கள் பொழிந்தன. மறுநாள் நகரம் வீழ்ந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான சேர்பியர்கள், உழவு இயந்திரங்களில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு அப்பிரதேசத்தைவிட்டுப் போனார்கள். அத்தகைய வரிசையை எங்கள் பக்கத்து வீதிகளிலும் கண்டவன் என்பதால், அந்தப் படங்களை என்னால் நிதானமாகப் பார்க்க முடிவதில்லை.

முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயம் 2001இல் அவர்மீது குற்றஞ்சாட்டியது. தலைமறைவாகிய அவர் 2005 டிசம்பரில் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் பிடிபட்டார். 2011இல் 24 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இராணுவ இலக்கு எதிலிருந்தும் 200 மீற்றருக்கு அப்பால் விழுந்த செல்கள், நகரத்தையே குறிவைத்தமைக்குச் சான்று என்று கீழமர்வு நீதிபதிகள் கொண்டிருந்தனர். அந்த அளவுக்கு அடிப்படையில்லை என்று கூறிய மேன்முறையீட்டு அமர்வு, 2012 நவம்பர் 16 அன்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவரை விடுதலை செய்தது.

பீரங்கிக்குத் தூரமும் காற்றும் குறியை மாற்றும் என்பதால், ஒரே அளவுகோல் எல்லா இலக்குக்கும் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆயினும், அந்த அளவுகோல் விழுந்தவுடன் மற்றச் சான்றுகளும் சேர்ந்து விழுந்தன என்பதை ஏற்க முடியவில்லை. விடுதலைக்கு மாறுபட்ட நீதிபதிகளான அஜியுஸ், போக்கார் இருவரின் பக்கமே என் மனம் நிற்கிறது.

பதினொரு வயதுப் பிள்ளையின் எட்டு அரை மீற்றர் என்று வைத்தால், எங்கள் கிணற்றடி சரியாக 200 மீற்றரில் இருக்கிறது.