உப்சாலாவில் இஞ்சி பிஸ்கட் சுட்ட ஞாயிறு

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமிலிருந்து உப்சாலாவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறன்று போய் இறங்கினேன். மதியம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது, ஆனால் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஜன்னலில் ஏழு விளக்குகள் வைத்த தண்டோ காகித நட்சத்திரமோ எரிந்துகொண்டிருந்ததால் அந்த இருட்டே அழகாக இருந்தது. தோழி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய மாமியார் வீட்டில் அன்று பெப்பர்காக்கோர் என்ற இஞ்சி பிஸ்கட் சுடும் நாள், என்னையும் அழைத்துப் போனாள்.

பேர் மிளகு பிஸ்கட் என்றாலும் அவர் மிளகு போடவில்லை. இஞ்சிப் பொடி, பட்டை, கிராம்பு, ஏலக்காய்தான். பேத்தி அவரை ஃபார்மோர் என்று கூப்பிட்டாள், அப்பாவின் அம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். இஞ்சிப் பொடி டப்பாவைக் காட்டி "இங்கஃபேரா" என்றார். இஞ்சி, வேர் என்ற நம் பக்கத்துச் சொற்கள்தான் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று மாறி மாறி ஐரோப்பா முழுக்கப் போயின என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். அதைத் தோழி மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் என்னை ஒருமுறை "இஞ்சி" என்று சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மாவு முதல் நாளே தயார். சர்க்கரையும் கறுப்புப் பாகும் தண்ணீரும் கொதிக்க வைத்து வெண்ணெய் மேல் ஊற்றி, ஆறியதும் மசாலாப் பொடிகள், சமையல் சோடா, மைதா கலந்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். கலந்த உடனே இட முடியாது, கையெல்லாம் ஒட்டும். குளிர்ந்த பிறகுதான் சொன்னபடி கேட்கும்.

எல்லாமே இடுவதில்தான் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர், அதற்கு மேல் கூடாது. நான் சப்பாத்தி நினைப்பில் இட்டதைப் பார்த்துவிட்டு ஃபார்மோர் எதுவும் சொல்லாமல் கட்டையை வாங்கி இன்னும் நான்கு இழுப்பு இழுத்தார், மாவுக்கு அடியில் இருந்த காகிதம் லேசாகத் தெரிந்தது. அவர் இடுவது பலகையில் இல்லை, ஓவனுக்குள் போகும் காகிதத்தின் மேலேயே. இதயம், ஆடு, பன்றி, கிழவன் என்று அச்சால் அழுத்திவிட்டு, இடையில் இருக்கும் மாவை மட்டும் உரித்து எடுத்துவிடுவார். பிஸ்கட்டைத் தூக்கவே வேண்டாம், அதனால் ஆட்டின் கொம்பு கோணுவதில்லை. 200 டிகிரி, ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் ஓவன் முன்னாலிருந்து நகரக் கூடாது, ஓரம் கறுத்தால் கசந்துவிடும்.

அப்புறம் அலங்காரம். முட்டை வெள்ளைக்கரு, பொடித்த சர்க்கரை, இரண்டு சொட்டு வினிகர். காகிதக் கூம்பில் நிரப்பி நுனியை வெட்டினால் நம் மருதாணிக் கோன் மாதிரியேதான். ஆனால் நுனியை பிஸ்கட்டில் உரசக் கூடாது. சற்று மேலே தூக்கிப் பிடித்து, வெள்ளை நூல் தானாக விழ விழ கையை நகர்த்த வேண்டும். இது பிடிபட்டதும் நான் ஓர் இதயத்தில் நான்கு புள்ளிச் சிக்குக் கோலம் போட்டேன். பேத்தி அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள், யாரையும் தொடவிடவில்லை.

பிஸ்கட்டால் வீடு கட்டுவது பெரியவர்கள் வேலை. சுவர்களை ஒட்டுவது உருக்கிய சர்க்கரை, பட்டால் தோல் உரிந்துவிடும் என்பதால் குழந்தையை மேஜையின் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். கூரையை நான் பிடித்துக்கொண்டேன், பாகு இறுக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது ஒரு பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு விரல் முட்டியால் தட்டச் சொன்னார்கள். மூன்றாக உடைந்தால் நினைத்தது நடக்குமாம், ஆனால் பேசாமல் தின்று முடிக்க வேண்டும். எனக்கு மூன்றாகவே உடைந்தது. ரயில் நிலையம் போகும் வழியில்தான் வாயைத் திறந்தேன்.

ஜனவரி 13, அங்கே கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே எடுத்துப் போடும் நாள். அன்று தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். பேத்தி பூரிக்கட்டையைத் தூக்கி அந்த வீட்டின் மேல் போடுகிறாள், கூரை இரண்டாகிறது, எல்லோரும் ஓடிவந்து ஆளுக்கொரு சுவரை எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் அலமாரியில் கோலம் போட்ட இதயம் அப்படியே சாய்த்து வைத்திருக்கிறது.