"நடக்கலாமா டாக்டர்?"

ரெண்டாவது தடவை கன்சீவ் ஆனப்ப டாக்டர்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வியே "நடக்கலாமா?"ங்கறதுதான். முதல் தடவை அதைக் கேக்கவே தோணல. யாரும் பெட் ரெஸ்ட்னு சொல்லல, ஆனா வீட்ல எல்லாரும் பாசத்துல "நீ எந்திரிக்காத, நான் எடுத்துத் தரேன்"னு சொல்லிச் சொல்லியே பத்து மாசமும் உக்காந்தே போச்சு, கடைசில நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு, சுகரும் ஏறிடுச்சு. உக்காந்ததாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், சுகருக்கு எத்தனையோ காரணம் இருக்கு. ஆனா கர்ப்பத்துல உடற்பயிற்சி செஞ்சா அந்த சுகரும் பிபியும் வர்ற வாய்ப்பு 40 சதவீதம் போல குறையுதுன்னு கனடாவோட 2019 வழிகாட்டில பின்னாடி படிச்சப்ப, இதை யாராவது அப்பவே சொல்லிருக்கலாமேன்னு நெஜமாவே வருத்தமா இருந்துச்சு.

இந்த தடவை டாக்டர் ஸ்கேன், பிபி எல்லாம் பாத்துட்டு "தாராளமா நடங்க"ன்னாங்க. வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள் அரை மணி நேரம், உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் இதேதான். நடக்கும்போது பேச முடியணும், பாட்டு பாட மூச்சு பத்தக் கூடாது, அதான் சரியான வேகம்.

1985ல அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் அமைப்பு, கர்ப்பிணிக்கு இதயத்துடிப்பு 140ஐ தாண்டக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க, 1994ல அவங்களே அதை எடுத்துட்டாங்க. அந்த பயம் மட்டும் வீடுகள்ல அப்படியே தங்கிடுச்சு.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது குழந்தைங்களைப் பத்தின விஷயம்தான். 2019ல அமெரிக்கால சுமார் 70 கர்ப்பிணிகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணிருக்காங்க, அதுல ஒரு குரூப் வாரத்துக்கு மூணு நாள், ஒரு தடவைக்கு 50 நிமிஷம் உடற்பயிற்சி செஞ்சாங்க, பொறந்து ஒரு மாசத்துல குழந்தைங்களை டெஸ்ட் பண்ணிப் பாத்தா அவங்க குழந்தைங்களுக்கு உடம்பைக் கட்டுப்படுத்தற திறன் கூடுதலா இருந்திருக்கு. 2013ல மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துல 8 லேர்ந்து 12 நாள் ஆன குழந்தைங்க தூங்கறப்ப சத்தம் கேக்க வெச்சு மூளையோட மின்அலையைப் பதிவு பண்ணாங்க, உடற்பயிற்சி செஞ்ச அம்மாக்களோட குழந்தைங்க மூளை அந்த சத்தத்தை இன்னும் முதிர்ச்சியா கையாண்டுச்சு, அவங்க செஞ்சதும் வாரத்துக்கு மூணு தடவை 20 நிமிஷம்தான். ரெண்டுமே சின்ன ஆய்வுங்க, அதனால "நடந்தா புத்திசாலிப் பிள்ளை பொறக்கும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நடக்க முடியாம போன அம்மாக்கள் குழந்தைக்குக் குறை வெச்சுட்டோம்னு நெனைக்கவே வேண்டாம், பொறந்தப்புறம் முழிச்சிருக்கப்ப குப்புறப் போட்டு, கூடவே இருந்து விளையாட விடறதும் பெரிய பயிற்சி. ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து அரை மணி நேரம்.

என் சின்னவன் தலைய சீக்கிரமா தூக்கினான், அக்காவை விட. நடந்ததாலயா, இல்ல குப்புறப் போட்டதாலயா, இல்ல அவன் அப்படித்தானா, என்னால பிரிச்சு சொல்ல முடியாது.

நஞ்சுக்கொடி கீழ இருக்கறவங்க, கர்ப்பவாய்ல தையல் போட்டவங்க, பிபி ஏறினவங்க டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்கவே கூடாது. ரத்தம், தண்ணி கசிவு, தலைசுத்தல், நெஞ்சுவலி, ஒரு கால்ல மட்டும் வீக்கம், இதுல எது வந்தாலும் உடனே நிறுத்தணும். எனக்கு 33வது வாரத்துல ஒரு நாள் பாதி வழில வயிறு விட்டு விட்டு இறுக ஆரம்பிச்சுது. அங்கேயே உக்காந்து தண்ணி குடிச்சுட்டு டாக்டருக்குப் போன் பண்ணேன், வரச் சொல்லிப் பாத்தாங்க, பயப்பட ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் விட்டுட்டு நடங்கன்னாங்க. மூணாம் நாள் பெரியவ என் கைய பிடிச்சுக்கிட்டு அவ வேகத்துக்கே கூட்டிட்டுப் போனா, பத்து நிமிஷம் நடந்துட்டு திரும்பிட்டோம்.